வலதுகால் மரத்துப்போகிறது. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், ஒருவர் பொறு என்கிறார். டிஸ்க் விஷயத்தில் எதை வைத்து முடிவெடுத்தீர்கள்?

ஊசிநூல் (அக்டோபர் 5)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் 19 வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். ஆடிப்பெருக்கு அன்று காலையில் வெட்டுமேசைக்கு அடியில் கிடந்த துணி மூட்டையைக் குனிந்து இழுத்தேன். இடுப்பில் சுருக்கென்றது. சுளுக்கு என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் ஒரு தும்மல் வந்தது. இடுப்பில் கிளம்பிய வலி வலது குண்டி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் என்று இறங்கி சுண்டுவிரலில் போய் நின்றது. கரண்ட் அடித்த மாதிரி. இப்போது ஒன்பது வாரம் ஆகிவிட்டது.

நடந்தால் பரவாயில்லை, உட்கார்ந்தால்தான் உயிர் போகிறது. என் பிழைப்பே உட்கார்ந்து செய்கிற பிழைப்பு. ராத்திரி தரையில் பாய் விரித்து, இரண்டு காலையும் பிளாஸ்டிக் நாற்காலிமேல் தூக்கிப் போட்டால் ஒரு மணி நேரம் கண் அசரும். எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறைதான். அதற்காகவே தினமும் பக்கத்துத் தெருவில் நாத்தனார் வீட்டுக்குப் போய் வருகிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. முதுகெலும்பின் அடியில் எல்5-எஸ்1 என்கிற இடத்தில், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி வெளியே வந்து, வலதுகாலுக்குப் போகிற எஸ்1 என்ற நரம்பை அழுத்துகிறது, அதற்கு மேலே எல்4-எல்5 டிஸ்க்கும் கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

முதலில் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் காலைத் தொடவில்லை. அடுத்த வாரமே செய்துவிடலாம், 1,60,000 ஆகும், விட்டால் கால் விழுந்துவிடும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. இரண்டாவது டாக்டர் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். பாதிக்குக்கூட வரவில்லை, கத்திவிட்டேன். அவரோ, “பெரும்பாலும் தானாகவே சரியாகும், இன்னும் ஆறு வாரம் பொறும்மா” என்று மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். ப்ரீகாபாலின். அதைப் போட்டால் தலை சுற்றுகிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். போன வியாழக்கிழமை நடந்ததுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஒரு கல்யாண ஜாக்கெட், கையில் ஆரி வேலை செய்து வந்திருந்தது. கை இணைப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். மூலை வந்ததும் மோட்டார் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மெஷின் நிற்கவில்லை. ஊசி வேலைப்பாட்டுக்கு மேலேயே ஏறி நாலு விரல்கடை ஓடிவிட்டது. குனிந்து பார்த்தால் என் பாதம் இன்னமும் மிதியை அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்துகிற உணர்வே எனக்கு இல்லை. 19 வருடமாக ஊசி எந்த வேகத்தில் போகிறது என்பதைக் காலால் தெரிந்துகொண்டவள் நான்.

தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. 60 ஜாக்கெட்டுக்கு மேல் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார், நினைத்தவுடன் வர முடியாது. இந்த முடிவை ஏற்கெனவே எடுத்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்து ஆபரேஷனுக்குச் சரி சொன்னீர்கள், அல்லது வேண்டாம் என்றீர்கள்?

வண்டிக்காரன்

அக்கா, நான் சங்ககிரி. லாரி ஓட்டுகிறேன். எனக்கு எல்4-எல்5, இடதுகால். கிளட்ச் மிதிக்கிற கால். எனக்கும் ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். பயந்துகொண்டு தள்ளிப் போட்டேன். மூன்றாம் மாதம் முடிகிற நேரத்தில் வலி தொடையிலிருந்து மேலே ஏறி இடுப்போடு நின்றது. ஐந்தாம் மாதம் வண்டி ஏறிவிட்டேன். இப்போது மூன்று வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். பின் பாக்கெட்டில் பர்ஸ் வைப்பதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்துவிட்டுத்தான் ஏறுவேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு வலிதான் இருந்தது. காலில் பலம் ஒரு நாளும் குறையவில்லை. உங்கள் மெஷின் கதையைப் படித்ததும், என்னை மாதிரி நீங்களும் பொறுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பள்ளிக்கூடம்

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஆசிரியை. வண்டிக்காரன் தம்பி சொன்னதற்கு நேர் எதிர் என் கதை. ஒரு நாள் இறைவணக்கம் முடிந்து வகுப்புக்கு நடந்தேன். பின்னால் வந்த பையன், “டீச்சர், உங்க செருப்பு” என்று இடதுகால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். கழன்று விழுந்ததே எனக்குத் தெரியாது, பத்தடி தாண்டிவிட்டேன். பெருவிரலை மேலே தூக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் வலி குறைய ஆரம்பித்திருந்தது. அதனால் குணமாகிறது என்று நினைத்துக்கொண்டு ஏழு வாரம் நீவிவிடப் போனேன். பாதம் தொங்கிப்போன பிறகுதான் ஆபரேஷன். கால்வலி அன்றைக்கே போய்விட்டது. பெருவிரல் முழுசாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது பாதம் தட்டுகிறது. முன்கூட்டியே போயிருந்தால் திரும்பியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

இயன்முறை

வணக்கம் சகோதரி. நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட், 16 வருடமாக. போனில் எழுதி உங்களுக்கு வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் டாக்டரிடம் என்ன தகவலோடு போக வேண்டும் என்று சொல்லலாம்.

முதலில் ஒரு கேள்வி, இதற்கு மட்டும் உடனே பதில் வேண்டும். சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா? முட்டுகிறது ஆனால் வரவில்லை, அல்லது போனதே தெரியவில்லை என்கிற மாதிரி? பிறப்புறுப்பைச் சுற்றி, சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்திருக்கிறதா? இரண்டு காலும் பலம் இழக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படித்து முடிக்காதீர்கள். இன்று ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் மாதிரி தொங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குகிறது என்று அர்த்தம். அதில் மணிக்கணக்குதான் கணக்கு.

அது இல்லை என்றால் சுவரில் கை வைத்துக்கொண்டு, ஒரே காலில் நின்று, குதிகாலை முழுசாக மேலே தூக்கி இறக்குங்கள். இடதுகாலில் எத்தனை முறை முடிகிறது, வலதுகாலில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். எஸ்1 நரம்பு கெண்டைக்கால் சதைக்குப் போகிறது. பாதத்தைக் கீழே அழுத்துவது அந்தச் சதைதான். நீங்கள் 19 வருடமாக மிதியை அழுத்திய வேலை முழுக்க அந்த நரம்பின் வேலை. பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் உணர்வது அதே நரம்பால்தான். ஆக உங்கள் காலும் உங்கள் ஸ்கேனும் ஒரே கதையைச் சொல்கின்றன. எல்4-எல்5 உப்பலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் உப்பல் இருந்தது. ஸ்கேனில் மட்டும் இருந்து காலில் இல்லாததை அறுக்க வேண்டியதில்லை.

பொறுத்தால் சரியாகும் என்று இரண்டாவது டாக்டர் சொன்னதும் சும்மா ஆறுதல் இல்லை. வெளியே பிதுங்கி வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கும். சின்ன உப்பலைவிட இப்படி வெளியே வந்து விழுந்த துண்டுதான் அதிகம் கரைகிறது. பார்க்கப் பயமாக இருக்கிற படம் பெரும்பாலும் சில மாதத்தில் சாதுவாகிவிடும்.

நெதர்லாந்தில் 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால்வலி இருந்த 283 பேர். பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேரைப் பொறுக்கச் சொன்னார்கள், முடியாவிட்டால் செய்துகொள்ளலாம் என்று. பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு பக்கத்திலும் 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். வித்தியாசம் வேகத்தில்தான். சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு நான்கு வாரம், பொறுத்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம். ஆக வலி மட்டும்தான் என்றால் இது உங்கள் சௌகரியத்தைப் பொறுத்தது. பிழைப்பு, பிள்ளையின் பரீட்சை, கையில் இருக்கும் பணம், எல்லாவற்றையும் வைத்து நீங்களே தீர்மானிக்கலாம். யாரும் அவசரப்படுத்த உரிமை இல்லை.

ஆனால் அந்த ஆய்வில், காலைத் தூக்கக்கூட முடியாத அளவுக்குப் பலம் போனவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த 95 சதவீதக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அதனால்தான் குதிகாலை எண்ணச் சொல்கிறேன்.

மாத்திரையைப் பற்றியும் ஒன்று. இதே கால்வலிக்கு ப்ரீகாபாலின் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில், 2017இல் வந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை. தலைசுற்றல்தான் கூடுதலாக இருந்தது. நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்து நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

ஊசிநூல்

அண்ணா, சிறுநீரில் ஒன்றும் இல்லை, அந்த இடத்தில் மரப்பும் இல்லை. மகளை எண்ணச் சொன்னேன். இடதுகால் 22. வலதுகால் 4. ஐந்தாவதுக்குக் குதிகால் தரையைவிட்டு எழும்பவே இல்லை. பிடித்து வைத்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் வலியால் நொண்டுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இயன்முறை

சகோதரி, இது பலக்குறைவுதான். கால் விழுந்துவிடவில்லை, அவசரப் பிரிவும் இல்லை. ஆனால் இன்னும் ஆறு வாரம் கழித்து வா என்று அனுப்பிவிடக்கூடிய நிலைமையும் இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், அதே சுவரில் எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். எண்ணிக்கை ஏறினால் பொறுக்கலாம். இறங்கினால் வலி எப்படி இருந்தாலும் ஆபரேஷன் செய்கிற நரம்பு டாக்டரைப் பாருங்கள். பள்ளிக்கூடம் டீச்சர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். நசுங்குகிற நரம்பு சில சமயம் வலியைச் சொல்வதையும் நிறுத்திவிடும்.

வேர்மருந்து

எங்கள் ஊரில் எண்ணெய் போட்டு மூன்று நாள் நீவி, நாலாம் நாள் இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி உட்கார வைத்துவிடுவார்கள். என் பெரியப்பா அப்படித்தான் எழுந்து நடந்தார். கத்தி வைக்கிறதுக்கு முன்னால் இதையும் பாருங்கள் அம்மா.

இயன்முறை

ஐயா, எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவதில் தவறில்லை. இறுகிய சதை இளகும், தூக்கம் வரும். ஆனால் காலில் பலம் குறைந்துகொண்டிருக்கும்போது இடுப்பைத் திருப்பவே கூடாது. வெளியே நிற்கிற துண்டு இன்னும் நகர்ந்து நரம்பில் விழுந்தால் யாராலும் திருப்பி வைக்க முடியாது. அப்படி வந்தவர்களை நான் என் கையால் தாங்கி வண்டியில் ஏற்றியிருக்கிறேன்.

மூன்றாம்வார்டு

அக்கா, நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் செய்துகொண்டேன், அரசு மருத்துவமனையில், முதல்வர் காப்பீட்டு அட்டையில். உங்கள் குடும்ப வருமானம் வருடம் 1,20,000க்குள் இருந்தால் அட்டைக்குப் பாருங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. 1,60,000 என்று கேட்டுப் பயந்து முடிவெடுக்காதீர்கள்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. டிஸ்க்கை முழுசாக எடுப்பதில்லை. நரம்பின்மேல் விழுந்த துண்டை மட்டும் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து எடுக்கிறார்கள். முதுகில் கட்டைவிரல் நீளத் தழும்பு. சாயங்காலமே எழுப்பி நிற்க வைத்தார்கள். கண் விழித்ததும் நான் முதலில் தேடியது கால்வலியைத்தான். இல்லை. படுத்தபடியே அழுதுவிட்டேன். ஆனால் இடுப்புவலி போகவில்லை, அது வேறு கணக்கு. இந்த ஆபரேஷன் காலுக்குத்தான், இடுப்புக்கு இல்லை என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். மரப்பு போக ஏழெட்டு மாதம் ஆனது. அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறவர்களும் உண்டு, என் பக்கத்துக் கட்டில்காரருக்கு அது இரண்டாவது முறை.

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கழிப்பறைமேல் வைக்கிற கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். குடம் தூக்க வேறு ஆள் பாருங்கள். குனிந்து கோலம் போடக்கூடாது.

ஊசிநூல் (அக்டோபர் 15)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். 5ஆம் தேதி 4. 8ஆம் தேதி 4. 11ஆம் தேதி 2. நேற்று குதிகால் பாதி எழும்பி இறங்கிவிட்டது, ஒன்றுகூட முழுசாக இல்லை.

வலியோ நன்றாகக் குறைந்துவிட்டது. நாற்காலி இல்லாமல் மூன்று மணி நேரம் தூங்கினேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமியார் சங்கரன்கோவிலுக்கு நேர்ந்திருந்ததை முடித்துவிடலாம் என்றார். அந்தத் தாள் மட்டும் கையில் இல்லையென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நேற்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளும் வந்தாள். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். குதிகாலைத் தூக்கச் சொன்னார். சின்னச் சுத்தியலால் குதிநரம்பில் தட்டினார். இடதுகால் துள்ளியது, வலது அசையவே இல்லை. மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆபரேஷன் எதற்கு, வலிக்கா பலத்துக்கா? பலத்துக்கு என்றார். ஆறு வாரம் பொறுத்தால் என்ன ஆகும்? இப்போது இருக்கிற பலமும் போகலாம், போனால் திரும்புவது கடினம் என்றார். செய்தால் பழைய மாதிரி மிதிப்பேனா? “உத்தரவாதம் கொடுக்க மாட்டேன், ஆனால் இந்த வாரம் செய்வதற்கும் டிசம்பரில் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கும்” என்றார். முதல் டாக்டர் சொன்ன அதே ஆபரேஷன்தான். ஆனால் இவர் என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அன்றைக்கு அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாளே, நேற்று வெளியே வந்ததும், “அம்மா, இட்லி வாங்கிக்கலாமா” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். 38 ஜாக்கெட்டைத் தெற்குத் தெரு அக்காவிடம் கொடுத்துவிட்டேன், கூலி முழுசும் அவர்களுக்கே. மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆரி ஜாக்கெட்டுக்குத் துணிக்காசும் வேலைக்கூலியும் நானே கொடுத்தேன். அந்தப் பெண் வாங்க மாட்டேன் என்றாள், கையில் திணித்தேன்.

ஊசிநூல் (நவம்பர் 30)

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. மூன்றாம்வார்டு சொன்ன மாதிரியே கால்வலி அன்றைக்கே இல்லை. இடுப்பு மட்டும் காலையில் பலகை மாதிரி இறுகியிருக்கிறது, நடந்தால் இளகுகிறது. கமோடு நாற்காலி வாங்கினேன், இப்போது மாமியாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார். சுண்டுவிரல் இன்னும் மரப்புதான்.

குதிகால் நேற்று 7.

வண்டிக்காரன் தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார், மெஷின் ஏறினீர்களா என்று. ஏறினேன் தம்பி. மோட்டார் மிதியை இடதுபக்கம் மாற்றிப் போட்டுப் பத்து நிமிடம், செல்போனில் மணி வைத்துக்கொண்டு. மகளின் பள்ளிப் பாவாடைக்கு ஓரம் அடித்தேன். இடதுகாலுக்கு இன்னும் பழகவில்லை, தையல் வளைகிறது. கடைசி நாலு விரல்கடைக்கு மட்டும் மிதியை இழுத்து வலதுகாலை வைத்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில். பெருவிரல் பக்கம் மிதியின் குளிர்ச்சி தெரிகிறது, வெளி ஓரத்தில் தெரியவில்லை. எடுத்தவுடன் மெஷின் நின்றது.